மெய்யெழுத்து

எழுத்துக்கு இருபது ரூபாய் என்றானாம்
மஞ்சக்குப்பம் மைதானத்தில், பொருட்காட்சி வாசலில்,
பைக் பேட்டரியில் ஊசி ஓட்டியவன்.
நாலு எழுத்து, எண்பது.
புள்ளி வைத்ததற்கு அரை மாத்திரைதானே,
அரைக் காசு வாங்கிக்கொள் என்று
எழுபதுக்கு முடித்திருக்கிறார்
இருபது வயதுத் தெய்வசிகாமணி.
மிச்சம் பத்தில் இரண்டு பேரும்
டெல்லி அப்பளம் தின்றார்களாம்.
இதையெல்லாம் அவரேதான் சொன்னார்,
பெண் பார்க்க வந்த அன்று,
முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி.

வேல்விளி.

நான் திருப்பாதிரிப்புலியூரில், பிளக்ஸ் கடையில்
பிழை பார்ப்பவள்.
மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வட்டச் செயலாளர் பிறந்தநாள்
எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் கம்பத்தில் ஏறும்.
அதனால் கோபம் வருவதற்கு முன்னால்
"ழி வரணும்" என்று வந்துவிட்டது வாயில்.
அவர் கையைத் திருப்பிப் பார்த்தார்,
ஆறு வருடமாகப் பார்க்காதவர் மாதிரி.
துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அவர்தானாம்.

விழி என்றால் கண்.
விளி என்றால் கூப்பிடு.
பதினோரு வருடமாக என் வீட்டில் ஒரு கை
சோறு பிசைகிறது, சிலிண்டர் தூக்குகிறது,
தூக்கத்தில் என் இடுப்பில் விழுகிறது
யாரையோ கூப்பிட்டபடி.
சிப்காட் வேலையில் காய்ச்சல் வாங்கி வந்து கிடந்தபோது
ஈரத்துணியால் அதையும் சேர்த்துத்தான் துடைத்தேன்.
கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன், பொய் சொல்வானேன்.

மகள் எழுத்துக்கூட்டப் பழகினாள்.
"யாரும்மா இது?"
போனஸ் வந்ததும் பாண்டிக்கு பஸ் ஏறினோம்.

மிஷன் வீதி, மாடி, ஏசி.
போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகும் ஒரு பையன்
எந்த இடத்தில் போட்டால் டாக்டர் கண்ணில் படாது என்று
நாலாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.
அவன் கூட்டாளி உள்ளேயே வரவில்லை.
"தொழப் போற உடம்புடா"
படியில் உட்கார்ந்து கேம் ஆடினான்.
ஆபரேஷன் தழும்பின்மேல் கொடி ஓட்டிக்கொண்டிருந்தவள்
பல்லைக் கடித்தபடி என்னிடம் சொன்னாள்:
"இந்தக் கோடு என்னைக் கேட்டுப் போட்டதில்லைங்க.
இது நான் கேட்டுப் போடுறது."

லூர்து, கழுத்தெல்லாம் ரோஜா,
அவர் கையை விளக்கில் பிடித்துப் பார்த்தான்.
"பழசை மறைக்கணும்னா அண்ணா
அதைவிடப் பெருசா, அதைவிடக் கறுப்பாத்தான் போடணும்."
சிங்கம் காட்டினான். நங்கூரம். இறக்கை விரித்த கழுகு.
நாலு எழுத்தைத் தின்ன ஒரு கழுகு.
இனிமேல் சோறு பிசைவதும் கழுகு.

"ஒரு எழுத்தை மட்டும் திருத்த முடியுமா?"
கேட்டது நான்தான்.
அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் கூட்டிப் படிக்கவில்லை.
"கஷ்டம்க்கா, ஆனா செய்யலாம்."

கையுறை மாட்டினான். மெஷின் ரீங்கரித்தது.
திருத்தினால் அவள் வந்துவிடுவாள்.
இப்போது இருப்பது அவள் பேர் இல்லை,
யார் பேரும் இல்லை.
இருபது வயதில் ஒருத்தன் போட்ட சத்தம்,
மையில் நின்றுபோனது.

"இருக்கட்டும், விடுங்க" என்றேன்.

பணம் அப்படியே இருந்தது.
"உனக்காவது ஒண்ணு? என் பேரு?"
"அரை மாத்திரை கழிச்சாலும் ஆறரை எழுத்து,
என் கை பத்தாது" என்று சிரித்து வைத்தேன்.
சொல்லாதது இது:
இரண்டாம் புரூஃப் பார்க்காத எதையும்
நான் அச்சுக்கு விட்டதில்லை.
என் தோளில் இருப்பது தடுப்பூசித் தழும்பு ஒன்று.
அதுவும் நான் கதறக் கதறப் போட்டது.

ரெட்டிச்சாவடி தாண்டி பஸ் வேகம் எடுத்தது.
ஜன்னல் கம்பியில் அவர் கை, வெயிலில்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் யாரோ எட்டிப் பார்த்து
தண்ணி இருக்கு என்றார்கள்.
"பாப்பா கேட்டா என்ன சொல்றது?"
"அப்பா டிக்டேஷன்ல வாங்குன முட்டைன்னு சொல்லுங்க."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, டெல்லி அப்பளம் இப்போது எவ்வளவு என்று கேட்டேன்.